கோணப்பாறைப் பெற்றோர் கோட்டைத் தள்ளி வைத்த கதை

கோணப்பாறைக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது பாவம். அவர்கள் சொன்னதைச் செய்கிறவர்கள், அவ்வளவுதான். உலகத்தில் அப்படிப்பட்டவர்கள் அதிகம் இல்லாததால் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிகிறது.

ஒருமுறை ஊரே திருச்செந்தூருக்குக் கிளம்பி, பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறியது. "நிக்காம உள்ளே போங்க, உள்ளே போய்க்கிட்டே இருங்க" என்றார் கண்டக்டர். நிற்காமல் போனார்கள். முன்வாசல் வந்தது. இறங்கினார்கள். பஸ் போய்விட்டது. "நல்ல மனுசன்வே, டிக்கெட்டே கேக்கலை" என்று கண்டக்டரை மெச்சிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத்தான் பேஸ்பால் வந்து சேர்ந்தது. கபடி, கோகோ, கிரிக்கெட் என்று எல்லாவற்றையும் மற்ற ஊர்ப் பள்ளிகள் முந்தி எடுத்துக்கொண்டன. மிச்சம் இருந்தது ஒரு பெரிய பை. உள்ளே மட்டை, பந்து, தோல் கையுறைகள். "இந்த வருஷம் ஒரு ஆட்டமாவது ஜெயிச்சாத்தான் பை உங்ககிட்ட இருக்கும். இல்லேன்னா பக்கத்து ஊர் தங்கப்பேரிக்குப் போயிரும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் கல்வி ஆபீஸ்காரர்கள்.

ஆட்டம் ஒன்றும் கஷ்டமில்லை. ஒருவர் பந்தை எறிவார், ஒருவர் மட்டையால் அடிப்பார். அடித்தவர் மைதானத்தின் நாலு மூலையையும் தொட்டு ஓடி வந்தால் ஓர் ஓட்டம். மூலைக்கு ஒரு வைக்கோல் சாக்கு போட்டிருக்கும். சாக்கைத் தொடுவதற்குள் எதிர் அணி பந்தால் அவரைத் தொட்டுவிட்டால் அவுட்.

அந்தப் பையில் இருந்த ஒரு கையுறைக்காக உயிரை விடக்கூடியவள் பவளக்கொடி. ஏழாம் வகுப்பு, இடக்கைக்காரி. அவள் எறிந்தால் பந்து சீறும். சாப்பிடும்போதும் கையுறையைக் கழற்றமாட்டாள். "ஏட்டி, அதை வச்சே ரசத்தைக் குடிச்சிருவ போலிருக்கே" என்பாள் அவள் அம்மா பேச்சியம்மா. இப்படி ஒருத்தி இருந்தும் கோணப்பாறை எல்லா ஆட்டத்திலும் தோற்றது. காரணம் பெற்றோர். கோட்டோரம் நின்று அம்மாக்கள் "அடி, அடி" என்றார்கள், அப்பாக்கள் "விடு, விடு" என்றார்கள். பிள்ளைகள் தாய்சொல்லையும் தட்டாமல் தந்தைசொல்லையும் தட்டாமல் பாதி அடித்துப் பாதி விட்டார்கள்.

கடைசியாக ஓர் ஆட்டம் பாக்கி. அதுவும் தங்கப்பேரியோடு.

"டீச்சர், இதுல தோத்தா கையுறை போயிரும்லா?" என்று பவளக்கொடி கேட்டாள். நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த பி.டி. டீச்சர் எஸ்தருக்கு மனசு தாங்கவில்லை. மறுநாளே பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டி வைத்துப் பேசினார். ஆட்டம் என்பது குணம். குணம் வந்துவிட்டால் வெற்றி தன்னால் வரும் என்பது அவர் நம்பிக்கை.

"பெற்றோர் யாரும் கோட்டுக்கு வெளியே நின்னு கத்தக் கூடாது. பிள்ளைங்களா, எதிர் அணியை உங்க கூடப்பிறந்தவங்க மாதிரி நினைக்கணும். மைதானத்துல யார் விழுந்தாலும் ஓடிப்போய்த் தூக்கணும். பந்து மேல வச்ச கண்ணை எடுக்கவே கூடாது. தோத்தா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வரக் கூடாது. அப்புறம் பெற்றோருக்கு ஒண்ணு. ஜெயிச்சதுக்காகப் பாராட்டாதீங்க, முயற்சிக்காகப் பாராட்டுங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். டீச்சர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். ஊர் போகவில்லை.

கோணப்பாறையில் ஒரு வழக்கம். யார் யோசனை சொன்னாலும் கேட்டவுடன் செய்துவிட மாட்டார்கள். கூடி உட்கார்ந்து, சொன்னதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பிரித்துப் பார்ப்பார்கள். பிறகு இருப்பதை மட்டும், இம்மி பிசகாமல் செய்வார்கள்.

பெற்றோர் சங்கத் தலைவர் மயில்வாகனம் தொண்டையைச் செருமினார். அரிசி ஆலை வைத்திருப்பவர். ஆலைச் சத்தத்தில் பேசிப் பேசி, ரகசியத்தைக்கூடப் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார்.

"டீச்சர் என்ன சொன்னாவ? கோட்டுக்கு வெளியே நின்னு கத்தக் கூடாதுன்னாவ. அப்போ எங்கன நின்னு கத்தலாம்?"

"உள்ளே நின்னு கத்தலாம் அண்ணாச்சி" என்றாள் பேச்சியம்மா.

"நிக்கதுக்கு இடஞ்சலா இருக்காதா?"

"அப்போ உக்காந்துக்கிடுவோம்" என்றார் சங்கிலி. அவர் மகன் இசக்கிதான் அணியிலேயே வேகமாக ஓடுகிறவன்.

"டீச்சர் எம்புட்டு யோசிச்சு சொல்லியிருக்காவ பாத்தீரா வே" என்று மயில்வாகனம் கண் கலங்கினார்.

ஆட்டத்தன்று காலையில் தங்கப்பேரி அணி வந்து பார்த்தபோது மைதானத்தின் நட்டநடுவில் பாய் விரித்திருந்தது. கோணப்பாறைப் பெற்றோர் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முறுக்குச் சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே கத்திக்கொண்டிருந்தார்கள்.

நடுவர் ஓடிவந்தார். "யாருய்யா இவங்கள்லாம்?"

"பெற்றோர்" என்றார் மயில்வாகனம் அடக்கமாக. "முறுக்கு எடுத்துக்கிடுங்க."

அவர்களைக் கிளப்பிக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோவதற்குள் எஸ்தர் டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதன்பிறகு அன்று முழுக்க அவர் வாயிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. வெளியே போன பெற்றோர் சொன்ன சொல் மாறாமல் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பேச்சியம்மாவுக்குத் தும்மல் வந்தபோதுகூட, ஓடிப்போய் மைதானத்துக்குள் நின்று தும்மிவிட்டு வந்தாள்.

இரண்டு அணியும் கைகுலுக்க எதிரெதிராக நின்றன. தங்கப்பேரித் தலைவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். இசக்கி முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டான்.

"ஏன்டா, என்னாச்சு?"

"உன் முருங்கை எங்க வேலியில சாஞ்சு கெடக்கு. எப்போ வெட்டப் போற?"

"எங்க வீட்ல முருங்கையே இல்லையே!"

"எங்க பெரியப்பாவும் இப்படித்தான் சொன்னாரு" என்றான் இசக்கி. சங்கிலியும் அவர் அண்ணனும் வேலித் தகராறில் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. கூடப்பிறந்தவர்களை எப்படி நடத்துவது என்று இசக்கி வேறு எங்கே போய்க் கற்றுக்கொள்வான்? கோணப்பாறைப் பிள்ளைகள் ஒன்பது பேரும் வரிசையாக முகத்தைத் திருப்பினார்கள். கோட்டுக்கு வெளியே சங்கிலி பெருமையில் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. தங்கப்பேரிப் பையன் ஒருவன் ஓடிவந்து, இரண்டாவது மூலைச் சாக்கைத் தொடுவதற்காகச் சறுக்கி விழுந்தான். அவ்வளவுதான். கோணப்பாறை அணி எட்டுத் திக்கிலிருந்தும் பாய்ந்து வந்து அவனை அப்படியே தலைக்குமேல் தூக்கியது.

"விடுங்கடா! காலை வைக்கணும், விடுங்கடா!"

"வலிக்கா மக்கா? பயப்படாத" என்று அவனைத் தேற்றினார்கள். பிறகு கூடப்பிறந்தவன் என்பது ஞாபகம் வந்து, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்கள். பவளக்கொடி சாவகாசமாக நடந்து வந்து அவன் முதுகில் பந்தால் தொட்டாள். நடுவர் ரொம்ப நேரம் நெற்றியைத் தேய்த்தார். விழுந்தவனைத் தூக்குவது குற்றம் என்று எந்த விதியிலும் இல்லை. அவுட் கொடுத்தார்.

இப்படியாகச் சாயங்காலம் வந்தது. இரண்டு அணிக்கும் ஓட்டம் சமம். கோணப்பாறைக்குக் கடைசி வாய்ப்பு. மட்டையோடு பவளக்கொடி நின்றாள். மூன்றாவது மூலையில் இசக்கி. அவன் நாலாவது மூலைச் சாக்கை ஓடிப்போய்த் தொட்டுவிட்டால் வெற்றி. பை ஊரிலேயே இருக்கும்.

பவளக்கொடி கண்ணை மூடி ஒருமுறை கையுறையை நினைத்துக்கொண்டாள். திறந்தாள். அடித்தாள். பந்து மைதானத்தைத் தாண்டி உடைமரப் புதருக்குள் போய் விழுந்தது. தங்கப்பேரிப் பிள்ளைகள் முள்ளுக்குள் கைவிட்டுத் தேட ஆரம்பித்தார்கள்.

இசக்கி நகரவில்லை. கழுத்தை நீட்டிப் புதரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓடுலே!" என்று தூரத்தில் ஓடிக்கொண்டே அலறினாள் பவளக்கொடி.

"சும்மா கிட. பந்து மேல வச்ச கண்ணை எடுக்கக் கூடாது."

"பந்துதான் புதருக்குள்ள போயிட்டே!"

"அதான் இன்னும் உத்துப் பாக்கேன்."

எஸ்தர் டீச்சர் கையை வீசினார், குதித்தார், காற்றாகக் கத்தினார். அவரைப் பார்க்க இசக்கிக்குக் கண் ஒழிவில்லை. அப்பா சங்கிலி அதட்டினாலொழிய அவன் அசையமாட்டான் என்பது ஊரறிந்த விஷயம். சங்கிலியோ கோட்டுக்கு வெளியே இருந்தார்.

பெற்றோர் குசுகுசுவென்று கூடினார்கள்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு சத்தம் கொடுத்துக்கிடுதேன்" என்று சங்கிலி கெஞ்சினார்.

"கோட்டுக்கு வெளியே நிக்கீரு வே. கூடாது."

"உள்ளே போறேன்."

"நடுவர் போகக் கூடாதுன்னுட்டாரு."

"எம் பொண்ணு முகத்தைப் பாருங்க அண்ணாச்சி. கையுறை போச்சுன்னா அவ சோறு திங்க மாட்டா" என்று பேச்சியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மயில்வாகனம் கண்ணை மூடினார். சொன்னதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஓட்டிப் பார்த்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

"நாமதான உள்ளே போகக் கூடாது? கோடு வெளியே வரலாம்லா!"

சுண்ணாம்புத் தூள் வாளி பக்கத்திலேயே இருந்தது. பழைய கோட்டை எல்லாரும் காலால் தேய்த்து அழித்தார்கள். மயில்வாகனம் குனிந்து, தங்கள் முதுகுக்குப் பின்னால் புதுக் கோடு ஒன்றை நிதானமாக, நேராக இழுத்தார். நெளிந்திருந்த இடத்தில் ஒருமுறை திருத்தினார். நிமிர்ந்து, "இப்போ உள்ளே இருக்கோம். கத்துங்க வே" என்றார்.

காலையிலிருந்து அடக்கி வைத்த சத்தம். உடைமரத்துக் கொக்குகள் மொத்தமாகப் பறந்துவிட்டன. அதற்கும் மேலே சங்கிலியின் குரல் கேட்டது. "லேய் இசக்கி! ஓடுலே, மூதி!"

இசக்கி ஓடினான். கண்ணை எடுக்காமலேயே, புதரைப் பார்த்தபடி பின்பக்கமாக ஓடினான். நாலாவது சாக்குக்கு ஒரு முழம் இருக்கும்போது, கீழே கிடந்த மட்டை தடுக்கி மல்லாக்க விழுந்தான்.

விழுந்தால் என்ன செய்யவேண்டும்?

அணி ஓடிவந்தது. இப்போது கோட்டுக்கு உள்ளே இருந்ததால் பெற்றோரும் ஓடிவந்தார்கள். இசக்கியைத் தூக்கினார்கள். சங்கிலி பாசத்தில் இன்னும் கொஞ்சம் உயரமாகத் தூக்கினார். அதே நேரத்தில் புதரிலிருந்து பந்து பறந்து வந்தது. நாலாவது மூலையைக் காத்துக்கொண்டிருந்த தங்கப்பேரிப் பையன் அதைப் பிடித்தான். இசக்கியைப் பந்தால் தொட்டால் அவன் அவுட். எம்பிக் குதித்தான். எட்டவில்லை. இசக்கி காலை நீட்டினான். சாக்கு எட்டவில்லை.

"கீழே விடுங்க!" என்று எஸ்தர் டீச்சர் காற்றாகக் கத்தினார்.

"தூக்கச் சொன்னாவ. விடச் சொன்னதா ஞாபகம் இல்லையே" என்றார் மயில்வாகனம், கீழே நின்று முட்டுக்கொடுத்துக்கொண்டே.

தங்கப்பேரிப் பையன் குதித்துக்கொண்டே இருந்தான். அப்போது மூன்று மூலையும் சுற்றி மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்தாள் பவளக்கொடி. மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். அவளும் கோணப்பாறைக்காரிதானே. குனிந்து வைக்கோல் சாக்கைத் தூக்கினாள். தலைக்குமேல் உயர்த்தி, இசக்கியின் உள்ளங்காலில் ஒற்றினாள்.

மைதானமே நடுவரைப் பார்த்தது.

நடுவர் படித்தவர், வெளியூர்க்காரர். ஆனால் காலையிலிருந்து இந்த ஊருக்கு நடுவில் நின்றிருக்கிறார். மெதுவாக வாயைத் திறந்தார். "கால் சாக்கைத் தொடணும்னு விதி இருக்கு. சாக்கு காலைத் தொடக் கூடாதுன்னு..." யோசித்தார். "இல்லையே!"

கோணப்பாறை ஜெயித்தது.

சங்கிலி துள்ளிக் குதிக்கப்போனார். மயில்வாகனம் தடுத்தார். "ஜெயிச்சதுக்குப் பாராட்டக் கூடாது. முயற்சி பண்ணினது யாரு?"

எல்லாரும் யோசித்தார்கள். இசக்கி விழத்தான் செய்தான், அதில் முயற்சி ஒன்றும் இல்லை. அசராமல் குதித்தது தங்கப்பேரிப் பையன்தான். வாங்கி வைத்திருந்த ரோஜா மாலையை, முகத்தைத் திருப்பிக்கொண்டே அவன் கழுத்தில் போட்டார்கள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் சங்கிலி. "தோத்தா தலையைத் தொங்கப் போடக் கூடாதுன்னாவ. நாம ஜெயிச்சிட்டோமே?"

"அப்போ தொங்கத்தான் போடணும்" என்று பெருமூச்சு விட்டார் மயில்வாகனம்.

அந்தி சாய்கிற நேரத்தில் வெற்றி ஊர்வலம் ரோட்டில் ஏறியது. எல்லாருக்கும் தலை மார்பைத் தொட்டது. ஒருவரும் பேசவில்லை. தோளுக்குமேல் இசக்கி நெடுக்கப் படுத்திருந்தான். இறக்கச் சொல்ல டீச்சருக்குக் குரல் இல்லை. பந்தை அவன் நெஞ்சில் வைத்திருந்தார்கள், இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு வந்தான். மாலையைத் திருப்பிக் கொடுப்பதற்காகத் தங்கப்பேரிப் பையன் பின்னாலேயே வந்தான். பவளக்கொடியும் தலையைத் தொங்கப் போட்டிருந்தாள். ஆனால் கையுறைக்குள் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பார்த்தவர்களுக்கு அழுவது போலத்தான் இருந்தது.

பின்னால் வந்த பஸ் மெல்ல முந்திப்போய், மரியாதையாக ஓரங்கட்டி நின்றது. பயணிகள் சன்னல் வழியாகக் கும்பிட்டார்கள். கண்டக்டர் இறங்கி வந்து மெல்லிய குரலில் கேட்டார். "யாருய்யா? சின்ன வயசா இருக்கே?"

மேலிருந்து பதில் வந்தது. "எட்டாம் வகுப்பு அண்ணாச்சி. நாங்க ஜெயிச்சிட்டோம்."

கண்டக்டர் வெலவெலத்துப்போனார். பிறகு சமாளித்துக்கொண்டு, "எந்த ஊரா இருந்தாலும் கொண்டு விட்டிருதோம். ஏறுங்க, நிக்காம உள்ளே போங்க, உள்ளே போய்க்கிட்டே இருங்க" என்றார்.

கோணப்பாறை பின்வாசல் வழியாக ஏறியது. தொங்கிய தலை நிமிராமல், தூக்கிய இசக்கியை இறக்காமல், நிற்காமல் உள்ளே போய், முன்வாசல் வழியாக இறங்கியது. மாலையோடு வந்த பையனும் இறங்கினான். பஸ் போய்விட்டது.

"பரவால்ல வே" என்றார் மயில்வாகனம், குனிந்தபடியே ரோட்டைப் பார்த்து. "ஒரு பஸ் நீளம் நடை மிச்சம்."