பட்டினிக் காவல்

ஊர் வழக்கத்தில் குரு மூத்தவர், சீடன் இளையவன். நோர்வேயின் வடகரைக்கு அப்பால், ஒரு மரங்கூட முளைக்காத தீவொன்றில் நடந்த இந்தக் கதையில் அது தலைகீழ். சீடருக்கு வயது அறுபத்தெட்டு. குருவுக்கு ஐம்பத்திரண்டு. போதாக்குறைக்கு அந்தக் குரு, ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்து ரியூட்டரி வகுப்பில் இதே சீடரிடம் விலங்கியல் படித்த பெண். அருளம்பலம் மாஸ்டர் தகப்பன்சாமி கதையைக் கேட்டு வளர்ந்தவர்தான். கேட்பதற்கு நல்ல கதை. தனக்கென்று வரும்போது கொஞ்சம் கசக்கத்தான் செய்தது.

குருவின் பெயர் புனிதவதி. அகதியாய் வந்து, பத்தொன்பது வருடம் மீன் தொழிற்சாலையில் நின்று மீன் வெட்டி, பிறகு இந்தத் தீவைக் குத்தகைக்கு எடுத்து ஈடர் வாத்துகளுக்குக் காவல் இருந்தாள்.

ஈடர் என்பது வடகடலின் வாத்து. பெட்டை தன் மார்பின் மெல்லிறகுத் தூவியைத் தானே பிடுங்கிக் கூட்டுக்குள் மெத்தை போட்டு முட்டையிடும். அந்தக் கரையின் மனிதர்கள் அதற்குக் கல்லாலும் பலகையாலும் முழங்கால் உயர வீடு கட்டி, உள்ளே காய்ந்த கடற்பாசி பரப்பி, கடற்காகமும் அண்டங்காக்கையும் அண்டாமல் காவல் இருப்பார்கள். குஞ்சுகள் கடலுக்கு இறங்கிய பிறகு, விட்டுப்போன தூவியை மெத்தைக்கும் போர்வைக்கும் எடுத்துக்கொள்வார்கள். வாத்துக்கு வீடு, மனிதனுக்குத் தூவி. பல நூறு வருடத்து ஒப்பந்தம். தீவுகளை விட்டு மனிதர்கள் போனதும் வாத்துகளும் போய்விட்டன. புனிதவதி வந்து வீடுகளைத் திருத்தி வைத்துவிட்டு ஆறு வருடம் வெறுமனே காத்திருந்தாள். ஏழாம் வருடம் ஒன்று வந்தது. இந்த வருடம் ஒன்பது பெட்டைகள்.

அடுத்த வசந்தத்தில் அவளுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. ஒரு பருவம் காவலில்லாமல் முட்டைகள் பறிபோனால் வாத்துகள் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. அவளுக்கு ஓர் ஆள் வேண்டும். மாஸ்டருக்கும் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. நோர்வேயில் இருந்த மகனிடம் வந்து சேர்ந்த நாள் முதல், ரிமோட்டுக்குப் பற்றரி மாற்றுவதைத் தவிர யாரும் அவரிடம் ஒரு வேலை சொன்னதில்லை.

அவரேதான் கேட்டார். "என்னை வைச்சுப் பழக்கும் பிள்ளை. அடுத்த வருசம் நான் பாக்கிறன்."

"இந்தப் பருவம் முழுக்க இருந்து பாருங்கோ மாஸ்டர். பிறகு சொல்லுறன்" என்றாள் அவள்.

மே மாதம் பெரிய சூட்கேசோடு வந்து இறங்கினார். அவள் அதைத் திறக்கவே விடவில்லை. ஒரு மண்ணிற ஜாக்கெட்டைக் கொடுத்தாள்.

"குஞ்சு இறங்குமட்டும் இதுதான்."

"நாலு கிழமையும் ஒரே உடுப்போ?"

"உடுப்பு மாறினால் வாத்துகளுக்கு ஆள் மாறின மாதிரி. எழும்பிப் போயிடுவினம்."

மறுநாள் காலை அவர் வழக்கம்போல வாசலில் நின்று தேவாரம் எடுத்தார். இரண்டாவது அடி வருவதற்குள் புனிதவதி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள்.

"மனசுக்குள்ள பாடுங்கோ."

"தேவாரத்தை மனசுக்குள்ள பாடுறதோ?"

"சிவபெருமானுக்குக் காது நல்லாக் கேக்கும், மாஸ்டர்."

தும்மல் வந்தால் சால்வைக்குள். கதவு சாத்தினால் பூனைக்குக்கூடக் கேட்கக்கூடாது. கம்பளம் உதறக்கூடாது. தொலைபேசி தகரப் பெட்டிக்குள். மாஸ்டர் முப்பத்தொரு வருடம் வகுப்பில் உரத்த குரலில் வாழ்ந்த மனிதர். கடைசி வாங்கில் தூங்குகிறவனையும் எழுப்புகிற குரல் அது. இப்போது வீட்டுக்குள் களவாணி மாதிரி நடக்க வேண்டியிருந்தது.

"எனக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

குசினி யன்னலுக்கு எதிரே, பத்தடி தூரத்தில், ஒரு வாத்து வீடு. உள்ளே ஒரு பெட்டை வந்து அடைகாக்கத் தொடங்கியிருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு கல். புனிதவதி அந்தக் கல்லைக் காட்டினாள்.

"இதில இருங்கோ."

"இருந்து?"

"இருங்கோ."

ஒரு மணித்தியாலம் இருந்தார். மறுநாளும் அதே கல். அதற்கடுத்த நாளும் அதே கல். ஐந்தாம் நாள் பொறுமை போய்விட்டது.

"பிள்ளை, நான் விலங்கியல் படிப்பிச்சனான்."

"தெரியும். நான்தான படிச்சனான்."

"அப்ப ஏதாவது உருப்படியாய்ச் சொல்லித் தாருமன்!"

"மெல்ல, மாஸ்டர்."

எதைக் கேட்டாலும் 'மெல்ல, மாஸ்டர்.' இந்த இரண்டு சொல்லைச் சொல்லவா அவ்வளவு படிப்பித்தோம் என்று அவருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வடகோடியில் கோடைச் சூரியனும் மறையாமல் வானத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. நாள் எப்போது முடிகிறது என்று தெரியாத இடத்தில் கோபம் மட்டும் எங்கே முடியும்?

பதினைந்து நாளானதும் வேறொரு கரைச்சல் தொடங்கியது. அந்த வாத்து சாப்பிடவில்லை. மாஸ்டர் கண்ணிமைக்காமல் பார்த்துவிட்டார். எப்போதாவது எழும்பி, முட்டையைத் தூவியால் மூடிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு ஓடிவந்து திரும்பவும் அமரும். ஒரு வாய் தின்றதில்லை. வந்தபோது கொழுகொழுவென்று இருந்தது, இப்போது கழுத்து மெலிந்து கண் உள்ளே போய்விட்டது. ஈடர் பெட்டை இருபத்தைந்து நாளும் பட்டினியாகவே அடைகாக்கும், உடம்பில் மூன்றிலொரு பங்கு கரைந்துவிடும் என்று அவர் புத்தகத்தில் படித்திருந்தார். படிப்பித்தும் இருப்பார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

"பிள்ளை, அது செத்துப் போயிடும்."

"போகாது."

"ஆண் வாத்து எங்க?"

"அவர் அடை தொடங்கின உடனேயே கடலோட போயிட்டார்."

"நல்ல குடும்பம்! பிள்ளைத்தாச்சி மாதிரி ஒண்டு வாசலில பட்டினி கிடக்க, நாங்கள் உள்ளுக்குள்ள இருந்து சோறு தின்னுறம். எனக்கு இறங்குதில்லை."

அப்போது இருவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். புனிதவதி அவர் தட்டில் ஓர் அகப்பை சோறு போட்டாள். அவர் சாப்பிட்டார். இன்னோர் அகப்பை போட்டாள். பிறகும் ஒன்று.

"போதும் பிள்ளை."

இன்னும் போட்டாள். அவர் பதறிப்போய்த் தட்டின் மேலே கையைக் குறுக்கே வைத்தார்.

"போதுமெண்டு சொல்லுறனல்லோ!"

அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டு அவள் சொன்னாள். "நீங்கள் கையைக் குறுக்க வைப்பியள். அவவுக்குக் கையில்லை, மாஸ்டர்."

மாஸ்டருக்கு விளங்கியது. விளங்கியும் மனம் கேட்கவில்லை. அதுதான் தமிழனின் சாபக்கேடு. வீட்டுக்கு வந்தவர் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று சத்தியம் செய்தாலும் இலையைப் போட்டுவிட்டுத்தான் மறு வேலை பார்ப்போம்.

பதினேழாம் நாள் சாமான் வாங்கப் புனிதவதி படகில் பெரிய தீவுக்குப் போனாள். போகும்போது, "கல்லில இருங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்" என்றாள்.

படகு மறையுமட்டும் மாஸ்டர் கல்லில்தான் இருந்தார். பிறகு கரைக்கு இறங்கி, பாறையில் ஒட்டியிருந்த மட்டியைப் பிடுங்கினார். ஈடருக்கு மட்டி என்றால் உயிர். ஓட்டோடு விழுங்கும். இருந்தாலும் மெலிந்துபோன உடம்பாயிற்றே என்று ஓட்டை உடைத்து, சதையை மட்டும் தட்டில் எடுத்து, மெல்ல மெல்ல ஊர்ந்துபோய் வாத்து வீட்டு வாசலில் வைத்தார். வாத்து அசையவில்லை. அவரை ஒரு கண்ணால் பார்த்தது, அவ்வளவுதான்.

அவர் கல்லுக்குத் திரும்பினார். பல நாளுக்குப் பிறகு ஒரு வேலை செய்த திருப்தி. 'சாப்பிடம்மா' என்று வாய்க்குள் சொன்னார்.

வாத்து சாப்பிடவில்லை. மட்டி வாசத்துக்குக் கடற்காகம் வந்தது. கறுத்த முதுகு, மஞ்சள் சொண்டு, வாத்தைவிடப் பெரிய உடம்பு. தட்டின் பக்கத்தில் இறங்கி இரண்டு துண்டு விழுங்கியது. மூன்றாவதை எடுக்கக் குனிந்தபோது வீட்டு வாசலையும் உள்ளே இருந்த வாத்தையும் கண்டுவிட்டது.

மாஸ்டர் எழும்பினார். முப்பத்தொரு வருடக் குரலும் ஒன்றாய் வெளியே வந்தது.

"ஏய்! போ! போ சனியனே!"

கையை வீசிக்கொண்டு ஓடினார். கடற்காகம் ஓரடி பின்வாங்கியது. வாத்துதான் வெடித்துக்கொண்டு வெளியே வந்தது. பயத்தில் முட்டைகளின் மேலே எச்சத்தைப் பீய்ச்சிவிட்டு, தண்ணீரில் போய் விழுந்தது. மாஸ்டர் சறுக்கி விழுந்து எழும்புவதற்குள் கடற்காகம் ஒரு முட்டையைத் தூக்கிப் பறந்தது. எங்கிருந்தோ வந்த இன்னொன்று இரண்டாவதைத் தூக்கியது. ஐந்தில் மூன்று மிச்சம். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்ததென்று ஊரில் எத்தனை பேரை அவர் பழித்திருப்பார்!

புனிதவதி வந்து இறங்கியபோது அவர் கூட்டின் முன்னால் முழங்காலில் இருந்தார். சாமான் பையை அப்படியே கரையில் போட்டுவிட்டு வந்தாள். தட்டைப் பார்த்தாள். கூட்டைப் பார்த்தாள். முப்பது முழத்துக்கு அப்பால் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த வாத்தைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நாறிப்போன தூவியை எடுத்து வீசிவிட்டு, மிச்சத் தூவியால் மூன்று முட்டையையும் மூடினாள். தட்டை எடுத்தாள். அவருடைய தோளைப் பிடித்து எழுப்பி, குசினிக்குள் கூட்டிப்போய், சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

இருவரும் யன்னலோரம் நின்றார்கள். கல்லுக்கு அப்பால் கடற்காகங்கள் இரண்டும் வந்து இருந்தன. வாத்து தண்ணீரிலேயே கிடந்தது. முட்டை குளிர்ந்துபோனால் எல்லாம் முடிந்தது. அது இருவருக்கும் தெரியும்.

"கடற்காகத்தைத் துரத்தும் பிள்ளை."

"துரத்தினால் அவ இன்னும் தூரப் போவா."

"அப்ப என்ன செய்யிறது?"

"நில்லுங்கோ."

கால்மணி நேரம் போனது. மாஸ்டரால் தாங்க முடியவில்லை.

"என்னை ஏசும் பிள்ளை. இப்பிடி வாயை மூடிக்கொண்டு நிக்காதையும். வாய்க்கு வந்தபடி ஏசும். நான் மட்டி வைச்சனான். நான் கத்தினனான்."

அவள் பல்லுக்குள்ளால் சொன்னாள். "நான் இப்ப வாய் திறந்தால் பெரிய தீவுமட்டும் கேக்கும், மாஸ்டர். அவவுக்கும் கேக்கும்."

இன்னும் இருபது நிமிடம். வாத்து கரையை நோக்கி நீந்தியது, நின்றது, திரும்பியது, மறுபடி வந்தது. பாறையில் ஏறி இறக்கையை உதறியது. கழுத்தை நீட்டிக் குசினி யன்னலைப் பார்த்தது. மாஸ்டர் மூச்சை நிறுத்திக்கொண்டார். அது ஆடி ஆடி நடந்து வீட்டுக்குள் போய், முட்டைகளைச் சொண்டால் புரட்டிவிட்டு அமர்ந்தது.

மாஸ்டர் சால்வையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்.

அழுது முடிந்ததும், "இப்ப ஏசும்" என்றார்.

"இப்பத்தான் வந்து இருக்கிறா."

"அப்ப எப்ப?"

"குஞ்சு இறங்கட்டும்."

எட்டு நாள். ஒவ்வொரு நாளும் கல்லில் போய் இருந்தார். புனிதவதி தேநீர் தந்தாள், சோறு போட்டாள், கடற்காகம் வரும் திசையைக் காட்டினாள். அந்த நாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏச்சு வாங்காமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தரம் நன்றாகத் திட்டிவிட்டால் நெஞ்சு இலேசாகிவிடும் என்று தெரியும். வகுப்பில் அடிவாங்க வேண்டியவனை நாளைக்கு வா என்று அனுப்பினால் அவன் எப்படி இருப்பான் என்று இப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஜாக்கெட் தோளில் தொளதொளத்தது.

ஒன்பதாம் நாள் காலை வாத்து வெளியே வந்தது. பின்னால் மூன்று குஞ்சு. சாம்பல் உருண்டைகள் பாறையில் தட்டுத்தடுமாறி இறங்கின. மற்றப் பெட்டைகள் இரண்டு தண்ணீரில் காத்திருந்து சேர்ந்துகொண்டன. எல்லாமாய் அலையில் ஏறி இறங்கி முனையைக் கடந்து போய்விட்டன. மற்ற எட்டு வீடுகளும் முன்னரே காலியாகிவிட்டன. தீவில் இனிப் பயப்பட ஒரு சீவனும் இல்லை.

புனிதவதி குந்தியிருந்து, அந்தக் கூட்டின் தூவியைச் சாக்கில் சேர்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அவள் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தன் பழைய குரலிலேயே பேசினார்.

"இப்ப ஏசலாம் பிள்ளை. இனி ஒருத்தரும் எழும்பி ஓடமாட்டினம்."

"ஏசமாட்டன்."

"ஏன்? நான் செய்தது பிழையில்லையோ?"

"பெரிய பிழை. அண்டைக்கு உங்களைக் கடலுக்குள்ள தள்ளியிருப்பன். அவ்வளவு விசர் வந்தது."

"அப்ப ஏசுமன்! எட்டு நாளாய்ச் சோறு தண்ணியில்லாமல் உமக்குப் பின்னால திரியிறன். ஒருக்கா ஏசினால் எனக்கு இது அடங்கிப்போடும்."

அவள் சாக்கின் வாயை முறுக்கிக் கட்டினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பினாள்.

"அடங்க வேண்டாம், மாஸ்டர். அவ வாற வருசமும் வந்து பட்டினி கிடப்பா. அப்ப இஞ்ச பசியோட இருக்க எனக்கு ஓர் ஆள் வேணும்."