வாழ்த்து அட்டையின் உள்பக்கம்

திருச்சி பொன்மலைப் பக்கம், மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றின் மேல்மாடியில் தாட்சாயிணி என்று ஒருத்தி இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் தடித்த வெள்ளைத்தாள் ஒன்று வந்து படுத்தது. அதுவரை அது வெறும் தாள்தான். தாட்சாயிணி நடுவில் ஸ்கேலை வைத்து, மழுங்கிய குச்சியால் ஒரு கோடு இழுத்து, அதை இரண்டாக மடித்தாள். மடித்த மாத்திரத்தில் அது இரண்டு பேராகிவிட்டது. வெளியே இருந்தவர் முகப்பு. உள்ளே இருந்தவர் உள்பக்கம்.

ஒட்டிப் பிறந்த இரட்டையர்தான், ஆனால் குணம் சேரவில்லை. முகப்பு பிறந்த கையோடு தன் அழகைப் பார்க்கக் கண்ணாடி எங்கே என்று கேட்டது. உள்பக்கம், தன்மேல் என்ன எழுதப்போகிறார்களோ என்று காத்துக்கொண்டிருந்தது.

அட்டை யாருக்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு ரெஜினாவுக்கு. இருவரும் பல வருஷத் தோழிகள். காப்பிப்பொடி தீர்ந்தால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, கதவைத் தட்டாமலே உள்ளே போகிற அளவுக்குத் தோழிகள். ரெஜினாவுக்கு ரயில்வேயில் வேலை. பிள்ளைகள் எல்லாம் வெளியூர் போனபிறகு அவளுக்கு வயலின் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. ஆசையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வாசிப்பைத்தான் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை.

ஒருநாள் தாட்சாயிணி, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், மூன்றாவது மாடியில் ஒரு பூனை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டு கத்துகிறது, யாராவது வந்து எடுத்துவிடுங்கள் என்று எழுதிப்போட்டாள். குடியிருப்பே சிரித்தது. சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அன்று சாயங்காலத்தோடு வயலின் நின்றது. ரெஜினாவின் பேச்சும் நின்றது. விளையாட்டுக்குச் சொன்னதற்கு இவ்வளவு கோபமா என்று தாட்சாயிணிக்கு முதலில் வீம்பு. அப்புறம் வெட்கம். எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால், அது மூடும்வரை தன் கதவுக்குப் பின்னாலேயே நிற்கப் பழகிவிட்டாள்.

இப்போது ரெஜினாவுக்கு மதுரைக்கு மாற்றல். ஞாயிற்றுக்கிழமை காலை சாமான் ஏற்ற லாரி வருகிறது. அதற்குள் மன்னிப்புக் கேட்காவிட்டால் இனி கேட்கப்போவதே இல்லை என்று தாட்சாயிணிக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கைவேலைச் சாமான்கள் வைத்திருக்கும் தகரப் பெட்டியைத் திறந்தாள்.

தகரப் பெட்டி திறந்தால் அதற்குள் இருப்பவர்களுக்குத் திருவிழாதான். பட்டாம்பூச்சி அச்சு முந்திக்கொண்டு ஓடிவந்து, ஸ்டாம்ப் பேடில் நீல மையில் ஒரு குளியல் போட்டுவிட்டு முகப்பின்மேல் குதித்தது. மை காய்வதற்குள் தாட்சாயிணி அதன்மேல் சூட்டில் உருகி உப்பும் பொடியைத் தூவி, சூடான காற்றைக் காட்டினாள். பொடி உருகி, பட்டாம்பூச்சி பூரி மாதிரி உப்பி மினுமினுத்தது. முகப்புக்கு ஒரே கிச்சுக்கிச்சு. இன்னொன்று, இன்னொன்று என்று கத்தியது.

தாட்சாயிணி பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்து, அட்டையையும் திறந்து, உள்பக்கத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். உள்பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது. அவள், ஒரு ரோஜா மட்டும் வைத்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பேனாவை மூடினாள்.

கத்தரிக்கோலுக்கு வேலை வந்தது. சிவப்புத் தாளைச் சுருள்சுருளாக வெட்டித் தள்ளியது. பசை தன் மூக்கால் தொட்டுத் தொட்டு ஒட்டியது. ரோஜா மலர்ந்தது. மறுபடியும் பேனா திறந்தது, மறுபடியும் மூடியது. ரோஜாவுக்கு ஒரு ஜோடி வேண்டாமா? ஜோடி வந்தால் இலை வேண்டாமா? இலைக்குப் பின்னால் ஜரிகை ரிப்பன் வேண்டாமா? ரிப்பன் தட்டையாகக் கிடந்தால் நன்றாகவா இருக்கும், அடியில் ஸ்பாஞ்ச் டேப் ஒட்டித் தூக்கிவிட வேண்டாமா? இப்படியே வெள்ளிக்கிழமை போயிற்று. சனிக்கிழமை மத்தியானமும் போயிற்று. முகப்பு, நகைக்கடை விளம்பரத்துக்கு நிற்கிற கல்யாணப்பெண் மாதிரி கழுத்தைத் திருப்பமுடியாமல் நின்றது.

பெட்டிக்காரர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு நம்மேல் எத்தனை ஆசை பார், வைத்த கையை எடுக்கமாட்டேன் என்கிறாளே என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள்.

"எனக்கு எப்போ?" என்று உள்பக்கம் கேட்டது.

"உனக்கென்ன இப்போ அவசரம்?" என்றது முகப்பு. "வாங்குறவங்க முதல்ல பார்க்கிறது என்னைத்தான். என்னைப் பார்த்து ஆஹான்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சது. உன்னை யாரு திறந்து பார்க்கப்போறா?"

அதுவரை ஓரமாகக் கிடந்த பேனா உருண்டு வந்தது. பேனாவுக்கு அதிகம் பேசும் பழக்கம் இல்லை. கையில் பிடித்தால்தான் பேசும். ஆனால் அன்றைக்கு அதற்குப் பொறுக்கவில்லை.

"உங்க மேல ஆசைன்னா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டது. "என்னைத் திறந்து திறந்து மூடுறாளே, பார்க்கலையா? எழுத பயம். அதனாலதான் ஒவ்வொரு தடவையும் உங்க பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிறா."

பட்டாம்பூச்சி அச்சு தன் இறக்கையைப் பார்த்துக்கொண்டது. கத்தரிக்கோல் வாயைத் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. பசைக்குத்தான் மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. ஒட்டவைக்கிறவன் என்று ஊரெல்லாம் பேர் வாங்கிவிட்டு, இரண்டு பேர் பிரிந்து நிற்க இரண்டு நாளாகத் துணைபோனோமே என்று புலம்பியது.

அந்த நேரம் பார்த்து தாட்சாயிணி பெட்டியின் மூலையிலிருந்து வாழ்த்து அச்சை எடுத்தாள். 'இனிய வாழ்த்துகள்' என்று வழவழப்பான எழுத்தில் செதுக்கிய ரப்பர் துண்டு அது. கண்ணாடிக் கட்டையில் ஒட்டி, மையில் தோய்த்துக் குத்தினால் தீர்ந்தது வேலை. பேனாவே தேவையில்லை. தாட்சாயிணியின் முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது.

உள்பக்கத்துக்குப் பகீரென்றது. இது குத்தப்பட்டால் கதை முடிந்தது. நாளைக்கு லாரி போய்விடும்.

"அண்ணே," என்று அது வாழ்த்து அச்சைக் கூப்பிட்டது. "ரெஜினாவுக்கு என்ன வருத்தம்னு உங்களுக்குத் தெரியுமா?"

வாழ்த்து அச்சு கலகலவென்று சிரித்தது. பேச்சில் அதை மிஞ்ச ஆளில்லை. "எனக்கு எதுக்குத் தம்பி அதெல்லாம்? கல்யாணமா, கிரகப்பிரவேசமா, ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தவங்களா, எனக்கு எல்லாம் ஒண்ணுதான். இதே ரெண்டு வார்த்தை. இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல."

"யாராவது அழுதிருக்காங்களா? சிரிச்சிருக்காங்களா?"

வாழ்த்து அச்சு பதில் சொல்ல வாயெடுத்தது. யோசித்துப் பார்த்தது. அதற்கு ஒரு முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

தாட்சாயிணி கட்டையைத் தூக்கினாள். ஸ்டாம்ப் பேடில் அழுத்தி எடுத்து, உள்பக்கத்துக்கு நேர்மேலே கொண்டுவந்தாள். பெட்டியில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அப்போது வாழ்த்து அச்சு, பிறந்ததிலிருந்து முதல்முறையாகத் தன் இஷ்டத்துக்கு ஒரு காரியம் செய்தது. கட்டையைப் பிடித்திருந்த பிடியை விட்டது. விட்டு, மேஜை விளிம்பில் பட்டுத் தெறித்து, பக்கத்திலிருந்த காப்பி டம்ளருக்குள் தலைகுப்புற விழுந்தது.

தாட்சாயிணி அதை ஸ்பூனால் அள்ளி எடுத்தாள். கழுவித் துடைத்து ஒட்டிப்பார்த்தாள். ஒட்டுவேனா என்றது. சரி, உள்ளேயும் இரண்டு பூவை வைத்து நிரப்பிவிடலாம் என்று பசையை எடுத்தாள். பசை மூக்கை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஊசியால் குத்தினாள், பிதுக்கினாள், அசையவில்லை. கத்தரிக்கோலின் திருகாணி கழன்று இரண்டு கால்களும் இரண்டு திசையில் போயின. ஸ்டாம்ப் பேட், தான் வறண்டுபோனதாகச் சாதித்தது. எல்லாவற்றுக்கும் இன்றைக்கு என்ன வந்தது என்று தாட்சாயிணி முணுமுணுத்தாள். மேஜைமேல் ஒழுங்காக இருந்தது பேனா மட்டும்தான்.

அவள் அதை எடுத்தாள். வெளியே எதிர்வீட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் சத்தம் சர்சர்ரென்று கேட்டது. கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எழுத ஆரம்பித்தாள்.

'ரெஜி, பூனைன்னு எழுதினது தப்பு. எல்லாரையும் சிரிக்க வெக்கணும்னு எழுதினேன். அதுக்கு உன்னைப் பலி குடுத்துட்டேன். நீ நிறுத்தினதுக்கு அப்புறம் தினமும் சாயங்காலம் உன் வீட்டுப் பக்கமே காதை வெச்சுக்கிட்டு இருக்கேன். சத்தமே இல்ல. வீடு நல்லாவே இல்ல. மதுரைக்குப் போயாவது வாசி. கேவலமா வாசிச்சாலும் பரவாயில்ல. தாச்சு.'

நடுவில் ஒரு வார்த்தை அடித்தல், ஓர் இடத்தில் மை கொஞ்சம் தீற்றல். வரிகள் போகப்போக மேல்நோக்கி ஏறிவிட்டன. இதென்ன அலங்கோலம், என் மானம் போகிறதே என்று முகப்பு முனகியது. உள்பக்கத்துக்கு அது காதிலேயே விழவில்லை. அவ்வளவு சந்தோஷம் அதற்கு.

தாட்சாயிணிக்கு எழுதத் தைரியம் வந்ததே தவிர, நேரில் கொடுக்க இன்னும் வரவில்லை. எதிர்வீட்டுக் கதவுக்கு அடியில் அட்டையைத் தள்ளிவிட்டு ஓடிவந்துவிடுவதென்று திட்டம். பூனைநடை நடந்துபோய்க் குனிந்தாள். தள்ளினாள். போகவில்லை. ரோஜா இடித்தது. சாய்த்துத் தள்ளினாள், ரிப்பன் இடித்தது. ஸ்பாஞ்ச் டேப் அடுக்கடுக்காகத் தூக்கி நிறுத்தியிருந்த அந்த அலங்காரம் எந்தக் கதவுக்கு அடியில் நுழையும்? வேண்டுமென்றேதான் மாட்டிக்கொண்டேன் என்று முகப்பு பிற்பாடு சொல்லிக்கொண்டது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

தாட்சாயிணி நிமிர்ந்தாள். தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள், அது திறந்துதான் இருந்தது. பிறகு அழைப்புமணியை அழுத்தினாள்.

ரெஜினா மணிக்கட்டில் டேப் சுருளோடு வந்து கதவைத் திறந்தாள். அட்டையை வாங்கிக்கொண்டாள். பட்டாம்பூச்சியையும் ரோஜாவையும் பார்த்து, யாருக்கும் சொல்கிற மாதிரி, நன்றாக இருக்கிறது என்றாள். அப்புறம் திறந்தாள். அவள் படித்து முடிக்கும்வரை தாட்சாயிணி கால்மிதியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேவலமாவா?" என்றாள் ரெஜினா.

"ரொம்ப."

ரெஜினா டேப் சுருளை மணிக்கட்டிலிருந்து கழற்றினாள். "பூனைன்னு சொன்னதுக்காக நான் நிறுத்தலடி. நீ இங்க வந்து என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நானும்தான் சிரிச்சிருப்பேன். ஊரைக் கூட்டிச் சொன்னியே."

"தெரியும். தப்புதான்."

"இதைச் சொல்ல இத்தனை ரோஜாவா? உள்ள வா."

உள்ளே உட்கார நாற்காலி இல்லை, எல்லாம் கட்டியாகிவிட்டது. இருவரும் அட்டைப்பெட்டிகள்மேல் உட்கார்ந்து பேசினார்கள். அழவேண்டியதை அழுதார்கள். பேச்சுவாக்கில் ரெஜினா எழுந்துபோய், டேப் ஒட்டி முடித்த பெரிய பெட்டி ஒன்றைக் கிழித்து வயலினை எடுத்தாள். கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. தாட்சாயிணி கடைசிவரை அசையாமல் உட்கார்ந்து கேட்டாள். தாட்சாயிணி வீட்டு மேஜைமேல் கத்தரிக்கோலும் பசையும் வாழ்த்து அச்சும்கூடக் கேட்டன. இப்படி ஒரு கொடூரமான வாசிப்பை இவ்வளவு ஆனந்தமாக யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

மறுநாள் லாரி போயிற்று. மதுரையில் புதுவீடு. சாமான்களைப் பிரித்து அடுக்குவதற்கு முன்னால், ரெஜினா கூடத்து அலமாரியில் அந்த அட்டையைத்தான் முதலில் நிறுத்தினாள். உள்பக்கம் கூடத்தைப் பார்க்கும்படி அகலமாக விரித்து நிறுத்தினாள். போகும்போதும் வரும்போதும் அந்த வரிகளைப் படித்துச் சிரித்துக்கொண்டாள். பட்டாம்பூச்சியும் ரோஜாவும் ஜரிகை ரிப்பனுமாக முகப்பு சுவரைப் பார்த்து நின்றது.

சுவருக்குப் பரிதாபமாக இருந்தது. "இவ்வளவு அழகா இருக்கே. உன்னைப் போய்த் திருப்பி வெச்சுட்டாங்களே," என்றது.

பின்னால் கூடத்தில் ரெஜினா மறுபடியும் சிரிக்கும் சத்தம் கேட்டது. முகப்பு அதைக் காதில் வாங்கிக்கொண்டு, ரோஜாவைச் சற்று நிமிர்த்திக்கொண்டது.

"திருப்பி வெக்கல," என்றது. "திறந்து வெச்சிருக்காங்க."