கேசட் முடிந்த இடம்

இளம்பரிதியிடம் ஒரு கேசட் இருந்தது. அது முடிகிற இடத்தில்தான் அவன் துன்பம் தொடங்கியது.

புதுச்சேரியில் கடற்கரைக்குச் சற்று உள்ளே ஒரு பழைய எண்ணெய்க் கிடங்கு. ஒரு காலத்தில் அங்கே ஞாயிறு பிற்பகல்களில் நடனம் நடந்தது. இரவில் நடத்த அனுமதி இல்லை. வருகிற பெண்களும் விளக்கு வைக்கும் நேரத்திற்குள் வீடு திரும்பியாக வேண்டும். ஆகவே அதை நடத்திவந்த எவுலாலி என்ற பெண் ஜன்னல்களில் கனத்த நீலத்துணியை ஆணியடித்து மாட்டிப் பட்டப்பகலில் ஓர் இரவை உண்டாக்கினார். வாசலில் செருப்புகள் குவியும். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு ஆடுவதுதான் அந்த இடத்தின் வழக்கம்.

எவுலாலியின் அண்ணன் பாரிசில் இருந்தார். ஒவ்வொரு விடுமுறைக்கும் பெட்டியில் கைலிகளுக்கு நடுவே இசைத்தட்டுகளை வைத்துக் கொண்டுவருவார். டீப் ஹவுஸ், டெக்னோ என்னும் மேல்நாட்டு நடன இசை. பெரும்பாலும் சொல் இல்லாத இசை. சொல் இருந்தாலும் ஒன்றே திரும்பத் திரும்ப வரும். ஒரு தட்டு முடியுமுன் அடுத்ததை அதன் வேகத்துக்கு இழைத்து எவுலாலி உள்ளே விடுவார். எது எங்கே போயிற்று, எது எப்போது வந்தது என்று ஆடுகிறவர்களால் சொல்ல முடியாது. பிற்பகல் முழுவதும் ஒரே பாட்டு போல ஓடும். திருமண மேடைகளில் பாட்டுப் போடுகிறவர்கள் எட்டிப் பார்த்துப் பெயரைத் தெரிந்துகொண்டு போய்விடக் கூடாது என்று, தட்டின் நடுவிலிருக்கும் பெயர்ச்சீட்டின் மேல் நாட்காட்டித் தாளை வெட்டி ஒட்டியிருப்பார்.

இளம்பரிதி அப்போது பாலிடெக்னிக் மாணவன். கிடங்கின் ஒயர்கள் எல்லாம் அவன் பொறுப்பு. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் நின்று, சத்தம் மிஞ்சினால் சிவப்பாகும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஈரத்தரையில் ஷாக் அடிக்கும் என்பதால் அந்தக் கூடத்தில் ரப்பர் செருப்பு போட்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

ஒரு ஞாயிறு எவுலாலி வாசித்ததை அவன் கேசட்டில் பிடித்தான். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் ஒரு தட்டு அடங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் புதிய ஒன்று எட்டிப் பார்த்தது. ட்ஸ், ட்ஸ், ட்ஸ் என்று ஈர மணலை யாரோ வாருவது போல ஒரு தட்டல். பிறகு 'டக்'. நாடா தீர்ந்துவிட்டது.

அவனிடம் வேறு கேசட் இல்லை. வாங்கிவர ஓடினான். திரும்பி வந்தபோது நீலத்துணி விலக்கப்பட்டிருந்தது. எல்லோரும் வாசலில் குனிந்து தங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சிலருடைய முகம் நனைந்திருந்தது. அவன் நண்பன் ஜெரார், எதற்கும் கலங்காத ஜெரார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்னடா ஆச்சு? என்ன போட்டாங்க?"

"சொல்ல வராதுடா, பரிதி. நீ இருந்திருக்கணும்."

அந்த ஒரு வாக்கியம் அவனோடு இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் வாழ்ந்தது. அவன் அதே பாலிடெக்னிக்கில் ஆசிரியரானான்; தலை நரைத்தது. கேசட்டிலிருந்த மற்ற எல்லாத் தட்டுகளையும் எங்கெங்கோ கேட்டு, எங்கெங்கோ எழுதிக் கண்டுபிடித்து வாங்கிவிட்டான். கடைசித் தட்டு மட்டும் கிடைக்கவில்லை. பெயர்களை ஒட்டி மறைத்த எவுலாலியிடமே போய்க் கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை. பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலியிடம் அந்த மணல் ஓசையைப் போட்டுக் காட்டினான். அது ஒவ்வொரு முறையும் வேறொரு பெயரைச் சொன்னது.

பழைய நண்பர்கள் எங்கே கூடினாலும் பேச்சு அங்கே போய் நிற்கும். ஒருவன் கண்ணை மூடிக்கொள்வான். ஒருத்தி கையை மேலே தூக்கிக் காட்டுவாள். இளம்பரிதி எழுந்து காபி போடப் போவான்.

இவ்வாண்டு கிடங்கு விலைபோயிற்று. ஹோட்டல் கட்டப்போகிறார்கள். இடிப்பதற்கு முந்தைய ஞாயிறு கடைசியாக ஒருமுறை கூடுவது என்று முடிவாயிற்று.

"அந்த ஞாயிறு மிக்ஸை அப்படியே நான் போடறேன். இந்த முறை முழுசா," என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தான் இளம்பரிதி.

பிறகு எவுலாலியின் வீட்டுக்குப் போனான்.

அவர் இப்போது வாசிப்பதில்லை. காதுக்குள் ஓயாத ரீங்காரம். தட்டுகளில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு மரப்பெட்டி மட்டும் கட்டிலருகே இருந்தது.

"எனக்குச் சொல்லிக் கொடுங்கக்கா," என்றான். "தட்டெல்லாம் இருக்கு. கை வரல."

"அத்தனை வருஷம் பக்கத்துலயே நின்னியே."

"ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கிட்டு நின்னேன்."

"அது தெரியும்," என்றார் எவுலாலி. "நாளைக்கு வா."

நாள்தோறும் மாலையில் போனான். இரண்டு தட்டுகளை ஒரே வேகத்துக்குக் கொண்டுவரக் கற்றான். ஒன்றின் அடிநாதத்தை, நெஞ்சில் இடிக்கும் அந்தத் தாழ்ந்த ஒலியை, இறக்கிவிட்டே மற்றதன் அடிநாதத்தை ஏற்ற வேண்டும் என்று கற்றான். இரண்டையும் சேர்த்து வைத்தால் கூடத்தில் ஒலி சேறாகிவிடும். விரைவில் கேசட்டில் உள்ளபடியே, எந்த இடத்தில் எது நுழைந்ததோ அதே இடத்தில் நுழைத்தான்.

"சரியா இருக்காக்கா?"

"சரியா இருக்கு," என்றார் எவுலாலி. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "தலையைத் தூக்கவே மாட்டியா?"

"விளக்கு சிவப்புக்குப் போகக் கூடாதேக்கா."

அவர் தம் கைக்குட்டையை எடுத்து விளக்குகளின் மேல் போட்டார். அன்று அவன் எல்லா இடத்திலும் தடுக்கினான். இரண்டு தட்டுகளும் ஒன்றையொன்று துரத்தும் குதிரைகள் போல ஓடின. எவுலாலி மறுநாளும் கைக்குட்டையைப் போட்டார், அதற்கடுத்த நாளும்.

சனிக்கிழமை அவன் கேட்கவந்ததைக் கேட்டான். கேசட்டைப் போட்டு இருவரும் கேட்டார்கள். மணலோசை வந்தது. 'டக்' என்றது.

"இதுக்கு அப்புறம் எந்தத் தட்டுக்கா?"

"இதுக்கு அப்புறம் நீ எங்க போன?"

"கேசட் வாங்க. மிஷன் வீதியில கடை மூடியிருந்தது. ரயிலடி வரைக்கும் சைக்கிள்ல போனேன்."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. இன்னும் பிரிக்காம அப்படியே வச்சிருக்கேன்."

 எவுலாலி காபியை ஆற்றி அவன் பக்கம் தள்ளினார்.

"நான் தட்டைக் கேட்டேனேக்கா."

"ஞாபகமில்லைன்னு சொன்னா?"

"நம்ப மாட்டேன்."

"அப்போ ஏன் சொல்லணும்? குடி, ஆறிடப் போவுது."

"இந்தப் பெட்டிக்குள்ள இருக்கா? அதை மட்டுமாவது சொல்லுங்க."

"இருக்கலாம்."

அவன் அனுமதி கேட்டுப் பெட்டியைத் திறந்தான். எல்லாவற்றிலும் மங்கிப்போன நாட்காட்டித் தாள். வெறும் கிழமைகளும் நல்ல நேரங்களும். ஒவ்வொன்றையும் சுழலவிட்டு, ஊசியைத் தொடக்கத்தில் வைத்து, ஹெட்போனில் கேட்டான். ஒன்று அந்த மணலோசை போல இருந்தது. அடுத்ததும் அப்படித்தான் இருந்தது. 

"எல்லாத் தட்டும் ட்ஸ் ட்ஸ்னுதான்டா ஆரம்பிக்கும்," என்றார் எவுலாலி. "அப்படித்தான் செய்வாங்க. முன்னாடி ஓடறதோட ஒண்ணு கலக்கணும்னா, வரும்போது வாயை மூடிக்கிட்டுத்தானே வரணும்."

"நாளைக்கு எல்லாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கேன். திங்கட்கிழமை அந்த இடமே இருக்காது."

"நானும் வரேன்," என்றார் எவுலாலி. "பெட்டியைத் தூக்கிட்டு வந்துடு."

ஞாயிறு பிற்பகல் கிடங்கின் ஜன்னல்களில் மறுபடியும் நீலத்துணி ஏறியது. வாசலில் செருப்புகள் குவிந்தன. அவற்றில் முழங்கால் வலிக்காரர்களின் தடித்த செருப்புகளும் சில பிள்ளைகளின் செருப்புகளும் இருந்தன. ஜெரார் மட்டும் பழைய வேகத்திலேயே உள்ளே வந்தான்.

"என்னடா வாத்தியாரே, மந்திரி கூட்டத்துக்கு மைக் செட் போட வந்தவன் மாதிரி நிக்கிற? சிரியேன்."

"வேலையைக் கெடுக்காதே. போய் ஆடு."

"ஆடறதுக்குத்தான் மூணு மாசமா உப்பைக் குறைச்சிருக்கேன்."

இளம்பரிதி முதல் தட்டில் ஊசியை வைத்தான். எவுலாலி அருகில் ஒரு நாற்காலியில் அமர்ந்தார். ஹெட்போனைத் தொடவில்லை, மேசையின் விளிம்பில் இரண்டு விரல்களை மட்டும் வைத்துக்கொண்டார். வந்தவுடன் அவர் செய்த முதல் காரியம் விளக்குகளின் மேல் கைக்குட்டையைப் போட்டதுதான்.

ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகள் மாறின. பார்க்க விளக்குகள் இல்லாததால் அவன் சில வேளைகளில் தலைதூக்கினான். அடிநாதம் இறங்கும்போது கூடம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொள்வதையும், அது திரும்பி வரும்போது தோள்கள் எல்லாம் ஒன்றாகத் தளர்வதையும் அவன் அன்றுதான் பார்த்தான். கேசட்டில் அது பதிவாகியிருக்கவில்லை.

தன்னிடமிருந்தவற்றில் கடைசித் தட்டுக்கு வந்தான். அடையாளம் கண்டவர்கள் கூவினார்கள். ஜெரார் கையை உயர்த்தி அவனைச் சுட்டினான். எல்லா முகங்களும் அடுத்து வரப்போவதற்காகக் காத்திருந்தன.

ஊசி நடுவட்டத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்த தட்டை வைக்க வேண்டிய தட்டுமேசை பக்கத்தில் காலியாகச் சுழன்றது.

"அக்கா."

எவுலாலி கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தீரப்போவுது. இப்போவாவது சொல்லுங்க. எந்தத் தட்டு?"

அவர் எழுந்தார். குனிந்து பெட்டிக்குள் கைவிட்டு ஒரு தட்டை உருவினார். தேடி எடுத்தாரா, கைக்கு வந்ததை எடுத்தாரா என்று அவனுக்குத் தெரியவில்லை. சுழலும் மேசையில் வைத்து, ஊசியை இறக்கி, விளிம்பை ஒரு விரலால் தடவி வேகத்தைச் சேர்த்தார். ஹெட்போன் இல்லாமலே.

ட்ஸ், ட்ஸ், ட்ஸ்.

இளம்பரிதி சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தான். எவுலாலி உள்ளங்கையை நீட்டினார்.

"குடு."

"பேரு பார்க்க இல்லக்கா. பதிவு மட்டும். இந்த ஒரு தடவை."

"குடுடா."

கொடுத்தான். அவர் அதைத் தம் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

"செருப்பைக் கழட்டு."

"ஒயர் எல்லாம்..."

"ஒயரை நான் பார்த்துக்கறேன். போ."

அவன் செருப்பைக் கழற்றினான். சிமெண்டுத் தரை குளிர்ந்திருந்தது. அதன் வழியே ஒரு மெல்லிய அதிர்வு உள்ளங்காலில் ஏறியது. அத்தனை ஆண்டுகளும் அவன் அமைத்துக் கொடுத்த ஒலி அவன் காலுக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்று முதலில் ஒப்பிட்டுப் பார்த்தான். கேசட்டின் மணலோசை இவ்வளவு கூர்மையாக இருந்ததா? இதைவிடச் சற்று மெதுவாக இருந்ததோ? இப்போது, இந்த இடத்தில், 'டக்' வரும் என்று அவன் உடம்பு தானாகவே இறுகியது.

'டக்' வரவில்லை.

மணலுக்கு அடியிலிருந்து வேறொன்று எழுந்தது. எவுலாலி அதை விட்டுவிடாமல் பிடித்து வைத்திருந்தார். இன்னும், இன்னும் என்று பிடித்து வைத்தார். அடிநாதமே இல்லாத அந்த வெளியில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். ஜெரார் அவன் மணிக்கட்டைப் பற்றி உள்ளே இழுத்தான். பிறகு எவுலாலி அடிநாதத்தை விட்டார்.

அதன்பின் நடந்ததை இளம்பரிதியால் யாருக்கும் சொல்ல முடிந்ததில்லை.

நீலத்துணியை விலக்கியபோது மாலை வெயில் தரைமுழுவதும் விழுந்தது. எல்லோரும் வாசலில் குனிந்து செருப்பைத் தேடினார்கள். இளம்பரிதியும் அவர்கள் நடுவே குனிந்து தேடினான். அவனுடையது அங்கே இல்லை, ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்பது நெடுநேரம் கழித்தே நினைவுக்கு வந்தது.

"நல்லாயிருந்துதாடா, வாத்தியாரே?" என்றான் ஜெரார், சுவரைப் பிடித்துக்கொண்டு.

அவன் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. ஜெரார் சிரித்துக்கொண்டே அவன் தோளில் தட்டிவிட்டு நடந்தான்.

வெறுங்காலோடு மேசைக்குத் திரும்பினான். எவுலாலி தட்டை உறையில் இட்டு, உறையைப் பெட்டியில் மற்றவற்றோடு சேர்த்துக்கொண்டிருந்தார். கைபேசியை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் அதை வாங்கினான், பார்க்கவில்லை.

"அக்கா, அன்னிக்குப் போட்டது இதுதானா?"

எவுலாலி பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"ஆடினியா?"

"ஆடினேன்க்கா."

"அப்போ இதுதான்."