மூன்று மீனுக்கு மேல் கூடாது

வாய்க்கால்மேட்டில் எதுவும் முறைப்படிதான் நடக்கும். ஊரில் ஐந்து தெரு. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சத் தெருவுக்கு ஒரு நாள் முறை என்று எந்தக் காலத்திலோ வகுத்து வைத்தார்கள். அது நன்றாக நடக்கவே, மற்ற எல்லாவற்றுக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். மழை பெய்தால்கூட, இன்றைக்கு எந்தத் தெருவின் முறை என்று பார்த்து அந்தத் தெருக்காரர்கள் மட்டும் நனைவார்கள். மற்றவர்கள் குடை பிடித்துக்கொள்வார்கள்.

இந்த ஊரில் மாவு மில் வைத்திருந்த அம்பலவாணனுக்குத் தூத்துக்குடியில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் பெயர் ஆவுடைத்தங்கம். அவளுடைய அப்பா திரவியம், கடல்மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு விற்கிற கடைக்காரர். பெண் பார்க்கப் போன அன்று தங்கம் அவனிடம் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள். காப்பியை நீட்டி, "இது காப்பி" என்றாள். இவ்வளவு தெளிவாகப் பேசுகிற பெண்ணை அம்பலவாணன் அதுவரை பார்த்ததில்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டான்.

ஆனால் திரவியம் லேசில் பெண் கொடுக்கிற ஆள் இல்லை. கடையிலிருந்து ஒரு சின்னத் தொட்டியை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தார்.

"மாப்ள, ஒரு உசிரைக் காப்பாத்தத் தெரியாதவனுக்கு என் பொண்ணைத் தர மாட்டேன். இதுல கடல்மீன் வளத்துக் காட்டும். ஒரு மாசம் கழிச்சு வந்து பாப்பேன். மீனு நல்லா இருந்தா கல்யாணம். இல்லைன்னா நீரு வேற இடம் பாத்துக்கிடும்."

"சரி மாமா."

"தொட்டி சின்னது. கூட்டம் ஆகக்கூடாது. மூணு மீனுக்கு மேல விடாதேயும். இப்ப குட்டியா இருக்குன்னு ஏமாந்திரப்பிடாது, வளந்தா அதுக்கு எம்புட்டு இடம் வேணும்னு பாத்து ஒதுக்கணும். சாதுவான மீனை முதல்ல விடணும், சண்டைக்கார மீனைக் கடைசியா விடணும். ஒளிஞ்சுக்கிட இடம் வேணும். அம்புட்டுதான்."

அம்பலவாணன் தொட்டியை மடியை விட்டு இறக்காமலே பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தான். தனக்கு மூளை கொஞ்சம் மட்டு என்பது அவனுக்குத் தெரியும். அதனால் ஊரிலேயே பெரிய மூளைகளாகப் பார்த்துப் போனான். தண்ணீர் முறை வகுக்கும் சொர்ணலிங்கம், டீக்கடை பூவையா, ஒரு வேலையும் இல்லாததால் எதையும் நிதானமாக யோசிக்கக்கூடிய தளவாய், ஆக மூன்று பேர்.

"மூணு மீனா?" என்றார் சொர்ணலிங்கம். "தெரு அஞ்சு இருக்கேடே. மூணு தெருவுக்கு மீனு, ரெண்டு தெருவுக்கு நாமமா?"

ஊரை விட்டுக்கொடுத்துக் கல்யாணம் பண்ணிக்கொள்ள அம்பலவாணனுக்கும் மனம் வரவில்லை. தெருவுக்கு ஒன்றாக ஐந்து மீன் வாங்கினார்கள். கடல் தண்ணீரை ஒரு பெரிய நீல டிரம்மில் நிரப்பி, குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து மில்லுக்குள் இறக்கினார்கள்.

"தொட்டியிலதானே மூணு மீனுக்கு மேல கூடாதுன்னாரு?" என்றான் தளவாய். "மூணு மீனு தொட்டியில இருக்கட்டும். முறை வராத ரெண்டும் டிரம்முல காத்துக் கெடக்கட்டும். தெனம் மாத்துவோம்."

அப்படியே செய்தார்கள். அந்த டிரம் பத்துத் தொட்டித் தண்ணீர் கொள்ளும். அதில் இரண்டு மீன்கள் சீமான் வீட்டுப் பிள்ளைகளைப் போல உலாத்திக்கொண்டிருந்தன. விடிந்ததும் சொர்ணலிங்கம் வந்து அவற்றில் ஒன்றைக் கோப்பையில் அள்ளி, "இன்னைக்கு உனக்கு யோகம் அடிச்சிருக்கு" என்று வாழ்த்தித் தொட்டிக்குள் விடுவார். அது மற்ற இரண்டின்மேல் முட்டிக்கொண்டு நிற்கும்.

சாதுவான மீன் எது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாகப் போயிற்று. சொர்ணலிங்கம் ஒவ்வொரு மீனையும் முகத்துக்கு நேரே வைத்துக் கன்னாபின்னாவென்று திட்டிப் பார்த்தார். ஒன்றுகூட எதிர்த்துப் பேசவில்லை.

"அஞ்சும் சாதுவால்லா இருக்கு" என்றார் கவலையோடு. "சண்டைக்கார மீனைக் கடைசியா விடணும்னு சொல்லியிருக்காரே. அதுக்கு எங்க போக?"

"நாமளே ஒண்ணை வச்சுக்கிடுவோம் அண்ணாச்சி" என்றார் பூவையா.

மேலத்தெருவின் நீல மீனைச் சண்டைக்காரனாக நியமித்து, அதற்கு எடுத்தும் சொன்னார்கள். அதைத் தொட்டிக்குள் விட்டதுதான் தாமதம், மற்ற இரண்டையும் விரட்டி விரட்டிக் கடிக்க ஆரம்பித்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற மீன் என்று எல்லோருக்கும் அதன்மேல் மரியாதை வந்துவிட்டது.

வளர்ந்தால் ஒரு மீனுக்கு ஒரு சாண் இடம் வேண்டும் என்று விசாரித்து வந்தார் பூவையா. கண்ணாடியின்மேல் சுண்ணாம்பால் வரப்புப் போல கோடு போட்டு, இது உனக்கு, இது உனக்கு என்று அளந்து விட்டார்கள். மறுநாளே மேலத்தெரு மீன் கீழத்தெரு மீனின் எல்லைக்குள் நுழைந்துவிட்டது. இரண்டு தெருவும் மில் வாசலில் கூடிப் பேச்சு முற்றி, வேட்டியை மடித்துக் கட்டுகிற அளவுக்குப் போய்விட்டது. ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அன்றைக்குப் பூவையாவின் கடையில் பால் தீர்ந்துபோயிற்று.

பிறகு ஒளிவதற்கு இடம். கல், ஓட்டுத் துண்டு, சிரட்டை, உடைந்த சட்டி என்று ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து போட்டார்கள். ஆனால் மீன்கள் வெளியிலேயே திரிந்தன.

"நாம கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டே நின்னா அது எப்படிய்யா ஒளியும்?" என்றான் தளவாய்.

நான்கு பேரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மாவு அரைக்க வந்தவர்களையும் திரும்பி நிற்கச் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தபோது மீன்களைக் காணவில்லை. அம்பலவாணனுக்கு உயிரே போய்விட்டது. ஒவ்வொரு கல்லாகத் தூக்கி, மூன்றையும் கண்டுபிடித்து, எண்ணிப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. இதையே அவன் தினமும் செய்தான். தங்கம் கிடைப்பாளா மாட்டாளா என்பது அந்தச் சட்டிக்குக் கீழேதான் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது.

மாதம் முடிந்து மாமா வருகிற நாளும் வந்தது. காலையில் தொட்டியைப் பார்த்தால், நீல மீன் நடுவில் நிற்க, மற்ற இரண்டும் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன.

"நெருக்கடி மாதிரி தெரியுதே அண்ணாச்சி" என்றான் அம்பலவாணன். "மாமா பாத்தா கல்யாணம் நின்னு போயிருமே."

நால்வரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள். கல்லையும் சட்டியையும் வெளியே எடுத்தார்கள். நெருக்கடி தீரவில்லை. குமிழி விடுகிற மோட்டாரும் இடத்தை அடைக்கிறது என்று அதைத் தூக்கி டிரம்முக்குள் போட்டார்கள். அப்படியும் தீரவில்லை. தளவாய் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, தொட்டிக்குள் கையை விட்டு மேலும் கீழும் துழாவினான்.

"ஏன் அண்ணாச்சி, மீனு எம்புட்டு இருக்கு?"

"விரல் தண்டி இருக்கும்."

"எங்க கையை வச்சாலும் தண்ணியால்லா இருக்கு. இந்த மூலையில தண்ணி, அந்த மூலையில தண்ணி. ஒரு இடம் மிச்சம் விடலை. தொட்டி முழுக்க அடைச்சுக்கிட்டு இருக்கது தண்ணி. நாம மீனைப் போயி குத்தம் சொல்லிட்டு இருக்கோம்."

சொர்ணலிங்கம் முப்பது வருஷமாகத் தண்ணீரோடு பழகியவர். அதுவா இப்படிச் செய்தது என்று அவருக்கு மனம் நொந்துவிட்டது.

"அப்ப எடுத்திர வேண்டியதுதான்" என்றார்.

தண்ணீர் இல்லாவிட்டால் மீன் செத்துப்போகும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? அவ்வளவு முட்டாள்கள் இல்லை. மீன்களை முதலில் பத்திரமாக டிரம்முக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு தொட்டித் தண்ணீரையும் டிரம்மிலேயே ஊற்றினார்கள். தொட்டியைத் துண்டால் துடைத்து, சுண்ணாம்புக் கோட்டை அழித்து, நடு மில்லில் ஸ்டூல்மேல் வைத்தார்கள்.

திரவியம் மகளையும் அழைத்துக்கொண்டு காரில் வந்து இறங்கினார். தொட்டியைப் பார்த்தார். குனிந்தும் பார்த்தார்.

"மாப்ள, மீனு எங்க?"

"டிரம்முல இருக்கு மாமா."

"தண்ணி எங்க?"

"அதுதான் மாமா அம்புட்டு இடத்தையும் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. எடுத்துட்டோம். இப்பக் கூட்டமே இல்ல, நீங்களே பாருங்க."

திரவியம் டிரம்மை எட்டிப் பார்த்தார். அகலமான தண்ணீரில் ஐந்து மீன்களும் கொழுகொழுவென்று, ஒன்றையொன்று சட்டை செய்யாமல் நீந்திக்கொண்டிருந்தன. அவருடைய கடையிலேயே மீன்கள் இவ்வளவு சௌக்கியமாக இருந்ததில்லை. குறை சொல்ல வாயைத் திறந்தவர், அப்படியே ஒரு கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அம்பலவாணன் கைகளைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி நின்றான்.

இதற்குள் தங்கம் தொட்டியருகே போய், உள்ளே கையை விட்டு நாலு பக்கமும் தடவிப் பார்த்தாள்.

"அப்பா, நம்ம கடையில ஒரு தொட்டியாவது இம்புட்டு விசாலமா இருக்கா? இவுகளுக்குத் தோணினது உங்களுக்கு ஏன்ப்பா இத்தனை வருசமாத் தோணலை?"

திரவியம் மகளைப் பார்த்தார். அம்பலவாணனைப் பார்த்தார். மறுபடியும் மகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"தை மாசத்துல நாள் பாருங்க" என்றார் சொர்ணலிங்கத்திடம். "இதுகளை வேற வேற இடத்துல கட்டிக்கொடுத்து எதுக்கு ரெண்டு குடும்பத்தைக் கெடுக்கணும்?"

அம்பலவாணனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பூவையா எல்லோருக்கும் டீ கொண்டுவர ஓடினார். தங்கம் மட்டும் தொட்டியை விட்டு நகரவில்லை. விரல்களை விரித்து, அந்தக் காலித் தொட்டியைக் குறுக்கும் நெடுக்கும் சாண் போட்டு அளந்தாள்.

"இப்பத்தான் இடம் சும்மா கெடக்கே. தாராளமா நாப்பது மீனு விடலாம்" என்றாள்.

அம்பலவாணன் பதறிப்போய் மாமாவை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"நாப்பது வேண்டாம் தங்கம், முப்பது போதும்" என்றான் தாழ்ந்த குரலில். "கூட்டம் ஆகக்கூடாதுன்னு மாமா சொல்லியிருக்காரு."