தீர்த்தத்தில் எரிந்த சிவப்பு விளக்கு

“இந்தக் கருவியை உடைச்சுப் போட்டுடட்டுமாம்மா?” என்று கேட்டார் சாந்தலிங்கம்.

எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்று, மடத்துக்குச் சிஷ்யராக வந்தவர். குரு தவமணி அம்மாவைவிட வயதில் மூத்தவர். அதனாலென்ன, அம்மாவிடம் திட்டு வாங்குவதில் ஒரு குறைச்சலும் இல்லை.

“அது என்ன பாவம் பண்ணுச்சு?”

“மடத்துக் கிணத்துல முக்கினேன். சிவப்பு விளக்கு எரியுது. தண்ணியில காரீயம் கலந்திருக்கும்மா. பக்கத்துல பழைய பேட்டரி உருக்குறாங்களே, அந்தப் பட்டறைக் கழிவு இறங்கியிருக்கும் போல.”

தண்ணீரைச் சோதிக்க அவரே செய்த கருவி விரல் நீளம்தான். சொன்ன சேதியோ மடத்தையே மூடவைக்கும். அந்தக் கிணற்றுத் தீர்த்தத்துக்காகத்தானே ஊரே வருகிறது!

“கருவி பொய் சொல்லுதோ என்னவோ?”

“குழாய்த் தண்ணியில பச்சை காட்டுதே. கிணத்துல மட்டும்தான் சிவப்பு.”

“காய்ச்சினா?”

“போகாதும்மா. பூங்காவனம் மாசமா இருக்கா. தினமும் வாங்கிக் குடிக்கிறா. வயித்துப் பிள்ளைக்கு ஆகவே ஆகாது. சொன்னா மடத்துப் பேரு போயிடும். சொல்லாம விட்டா...”

அம்மா எழுந்து நடந்தார்.

பூசை முடிந்து கூட்டம் வரிசையில் நின்றது. முதல் தீர்த்தம் ஊர்த்தலைவருக்கு என்பது மடத்து வழக்கம். அவர் கையைக் குவித்து முன்னால் வந்தார்.

“கொஞ்சம் இருங்க. இன்னைக்கு முதல் மரியாதை வேற ஆளுக்கு.”

அம்மா சாந்தலிங்கத்திடம் கருவியை வாங்கித் தீர்த்தச் செம்புக்குள் விட்டார். சிவப்பு எரிந்தது.

“இது விஷம். தெரியாம என் கையாலயே ஊத்திக் கொடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க. இன்னையோட கிணத்தைப் பூட்டுறேன்.”

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. “தீர்த்தம் இல்லேன்னா அப்புறம் மடம் எதுக்கு?”

அம்மா திரும்பிச் சாந்தலிங்கத்தின் காலில் விழுந்தார்.

“ஐயையோ, என்னம்மா இது!”

“நீங்க செஞ்சதுக்கு நான் வேற என்ன செய்ய முடியும், வாத்தியாரே?”

வரிசையில் பூங்காவனம் குவித்த கையோடு அப்படியே நின்றாள். அம்மா கருவியை நல்ல தண்ணீரில் அலசி, கண்ணில் ஒற்றி, அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பாரும்மா. அப்படியே உங்க வீட்டுக் கிணத்துலயும் இதை முக்கிப் பாரு.”

பூங்காவனம் அழுதுவிட்டாள். “வாத்தியாரய்யா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். என் பிள்ளையைக் காப்பாத்துனீங்க.”

அவள் நகர்ந்ததும், அடுத்து ஒரு கை குவிந்து நீண்டது.

தலைவரின் கை.

“அவ பாத்து முடிச்சதும் எனக்கும்மா.”