துறைத்தலைவர் அணைத்த விளக்கு

அநியாயம் நடந்தது செவ்வந்திக்கு. கல்லூரிக் கண்காட்சிக்காக அவள் செய்த வண்ண விளக்கின் பெயர்ப்பலகையில், துறைத்தலைவர் அவள் வகுப்பிலேயே படிக்கும் தன் மகனின் பெயரை எழுதிவிட்டார்.

குழு சேர யாரும் வராததால் அவள் ஒற்றை ஆளாகச் செய்தது அது. கீபோர்டில் பூஜ்யம் முதல் இருநூற்று ஐம்பத்தைந்து வரை ஓர் எண்ணைத் தட்டினால், மைக்ரோகண்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சில்லு அதை வாங்கி சிவப்பு, பச்சை, நீல எல்இடிகளின் வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும். கண்காட்சியன்று, உண்மை தெரிந்த தோழிகள்கூட அவளைக் கண்டதும் செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

தனியாகவே போய் நடுவர் முன்னால் நின்றாள்.

"மேடம், இது நான் செஞ்சது."

துறைத்தலைவர் சிரித்தார். "அப்படியாம்மா? கீபோர்டைத் தொடாம நிரூபி, பார்க்கலாம்!"

"சரிங்க சார், நான் தொடலை. நீங்களே விளக்கை அணைச்சிடுங்க, போதும்."

"இதென்ன பிரமாதம்!" என்று பூஜ்யத்தைத் தட்டினார். விளக்கு கண் கூசும்படி எரிந்தது. மகனும் வந்து பூஜ்யத்தையே தட்டினான். அப்போதும் அப்படியேதான் எரிந்தது. கடையில் அவளுக்குக் கிடைத்தது தலைகீழ் ரக எல்இடி. அதற்குப் பூஜ்யம்தான் முழு வெளிச்சம், இருநூற்று ஐம்பத்தைந்துதான் இருட்டு. இவர்கள் பலகையை மாற்றினார்களே தவிர, விளக்கைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை!

துறைத்தலைவர் வியர்த்துப்போய் ஒயரைப் பிடுங்கப் போனார்.

"அதை யார் வேணா பிடுங்குவாங்க சார்" என்று தடுத்த நடுவர், அவள் பக்கம் திரும்பினார். "எப்படிம்மா அணைக்கிறது?"

"அணைக்கத் தெரிஞ்சவ பேரை முதல்ல அந்தப் பலகையில எழுதச் சொல்லுங்க மேடம். உடனே அணைச்சிடறேன்."