நாற்பது குண்டுக்கு ஒரு குப்பி

"இந்த கேஸ் குப்பியாலதான் நான் அழிஞ்சேன், மேடம்," என்றார் போஜன்.

கோத்தகிரியில் மூடிக்கிடந்த ஒரு தேயிலைக் கிட்டங்கிக்குள் ஏர் ரைபிள் சொல்லிக்கொடுக்கிறவள் ஜெசிந்தா. வயது முப்பத்தொன்று. போஜனுக்கு ஐம்பத்திநாலு, பச்சைத் தேயிலை ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். மகள் வயதுக்காரியை மேடம் என்று கூப்பிட அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை.

அவள் இலக்கு அட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வர்ற ஞாயிறு கிளப் தேர்வு. மூணு வருஷமா நாலஞ்சு மார்க்குல கோட்டை விடறேன். இந்தத் தடவையும் விட்டா பேரையே எடுத்துருவாங்க."

"அதுக்குக் குப்பி என்ன பண்ணுச்சு?"

அவ்வளவுதான், போஜன் பிடித்துக்கொண்டார். குண்டைத் தள்ளும் கேஸ் அடைத்த விரல் நீளக் குப்பி. ஒன்றுக்கு நாற்பது குண்டு வரும். தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான், மறுபடி நிரப்ப முடியாது. குளிரில் அழுத்தம் இறங்கிவிடுகிறதென்று உள்சட்டைப் பையில் வைத்துச் சூடுபண்ணிக் கொண்டுவருகிறார். கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. ஒரு வருஷத்துக் குப்பிக் காசில் வேனுக்கு இரண்டு டயர் போட்டிருக்கலாம்.

"அது போகட்டும். மாட்டி, குப்பியில துளை விழுந்துட்டா மூடி வைக்க முடியாது, மேடம். கசிஞ்சிக்கிட்டே இருக்கும். அதான் மாட்டினதும் மளமளன்னு சுட்டுத் தீத்துடுவேன். ஒண்ணுகூட வீணாப் போகக் கூடாது பாருங்க."

வேனையே இறக்கத்தில் இஞ்சினை அணைத்து உருட்டுகிற மனிதர். சிக்கனத்தை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கை பம்ப் வெச்ச துப்பாக்கி வாங்கிடட்டுமா? இல்ல ஸ்பிரிங் வெச்சதா? நீங்கதான் சொல்லணும்."

"கையில எத்தனை குப்பி இருக்கு, போஜண்ணா?"

"ஆறு. தேர்வுக்கு ரெண்டு வேணும்."

"ஒண்ணு மாட்டுங்க. ஒரு குண்டு சுடுங்க."

மாட்டினார். சுட்டார். பத்துக்கு எட்டு.

ஜெசிந்தா துப்பாக்கியை வாங்கி, குப்பியின் திருகைத் தளர்த்தினாள். உஸ்ஸென்று சீறிக்கொண்டு கேஸ் வெளியேறியது. திருகில் வெள்ளையாகப் பனி பூத்தது.

"ஐயோ மேடம்! முப்பத்தொம்பது குண்டு!"

"அடுத்தது மாட்டுங்க."

வயிற்றெரிச்சலோடு மாட்டினார். ஏழு.

மறுபடியும் உஸ்ஸென்றது.

போஜனுக்குக் கோபம் தலைக்கேறியது. அவளை ஒன்றும் சொல்ல முடியாமல் அட்டையின் மேல் காட்டினார். மூன்றாவது குப்பியில் விழுந்தது ஆறு.

அந்தக் குப்பியும் காலியானது.

"இன்னும் மூணு இருக்கு," என்றாள் ஜெசிந்தா. "தேர்வுக்கு ரெண்டை எடுத்து வெச்சுட்டு, ஒண்ணை மாட்டுங்க."

மாட்டி, குண்டைப் போட்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்தார். குறி கருப்பு வட்டத்தில் நிற்காமல் இடப்பக்கம் வழுக்கியது. இறக்கினார்.

மறுபடி தூக்கினார். இந்த முறை கீழே.

இறக்கினார். திருகுப் பக்கம் காதை வைத்துக் கேட்டார்.

"கசியுது மேடம்."

"கசியட்டும்."

மூன்றாம் முறை தூக்கி வெகுநேரம் நின்றார். விசையில் விரல் இருந்தது. வெளியே சாலையில் ஏதோ லாரி ஏற்றத்தில் முனகிக்கொண்டு போனது. அதன் சத்தம் ஓயும்வரை அப்படியே நின்றவர், விரலை எடுத்துவிட்டு துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார்.

"இது வேண்டாம் மேடம். சரியா வரலை."

ஜெசிந்தா நோட்டை எடுத்தாள். எட்டு, ஏழு, ஆறு என்று எழுதியதற்குக் கீழே ஒரு கோடு மட்டும் போட்டாள்.

"சுட்டிருந்தா எத்தனை விழுந்திருக்கும்?"

"ஏழு," என்றார் போஜன், யோசிக்காமல்.

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

"முன்னாடி சுட்ட மூணு?"

போஜன் அட்டையைப் பார்த்தார். மூன்று ஓட்டைகளும் அங்கேதான் இருந்தன. எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"அதுவும் சுடறதுக்கு முன்னாடியே தெரியும், மேடம்," என்றார். "தெரிஞ்சேதான், கேஸ் வீணாயிடுமேன்னு சுட்டேன்."